வள்ளத்தைக் கருவாடு போட்ட கதை

என் மகளை நானாகக் கொடுத்தேனா, இல்லை என் கையிலிருந்து யாராவது வாங்கினார்களா?

மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது ஆதிரைக்கு முப்பத்திரண்டு நாள். பெயர்கூட வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். பிரசவம் முடிந்து பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருக்க வேண்டியவள், அத்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பிள்ளையோடு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. வாழையும் நெல்லும்தான். ஊரிலேயே பள்ளமான தெரு எங்களுடையது. வந்த மறுநாள் மழை பிடித்தது. அதற்கு அடுத்த நாள் விடியும்போது அத்தை, மாமா, நான், பாப்பா நாலு பேரும் எதிர்வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தோம். என் கணவர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். தெரு முழுக்கக் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடியது. மின்கம்பி கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

அந்தத் தெரு வழியாக ஒரு மரப்படகு வந்தது. நீலப் பெயின்ட் உரிந்த படகு. கடற்கரை ஊரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். ஏற்கெனவே நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பச்சப்பிள்ளையும் வயசாளிகளும் மொதல்ல! மத்தவங்க அடுத்த நடைக்கு!" என்று கம்பு ஊன்றிக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார். "பெரிய ஆளு ஒரு ஆளுக்குத்தான் இடமிருக்கு."

"பெத்தவ ஏறட்டும்" என்று யாரோ சொன்னார்கள்.

"அத்தைய ஏத்துங்க. அவங்களுக்குக் காய்ச்சல்" என்று நான் சொன்னேன். இது நன்றாக நினைவிருக்கிறது. என் குரல்தான்.

அதற்கு அடுத்த காட்சியில் பாப்பா வெள்ளை தெர்மோகோல் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு துண்டுக்கு நடுவில் கிடக்கிறாள். அத்தையின் கை பெட்டி மேல் இருக்கிறது. படகு தெருமுனை திரும்புகிறது. நடுவில் நடந்தது மட்டும் நினைவில் இல்லை.

மூன்றாம் படிக்கு அப்பால்

நான் தண்ணீருக்குப் பயந்தவள் என்பதை இந்தத் தொடரைப் படிப்பவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். தண்ணீருக்கு மட்டுமா என்று என் கணவர் கேட்பார்.

சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் அப்பா படித்துறையில் எனக்கு மூன்று படி ஒதுக்குவார். நாலாவது படிக்குக் கால் வைத்தால் அன்றோடு குளியல் முடிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. எம்.எஸ்சி., பி.எட். படித்தேன். ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரின் குணங்களைப் பலகையில் எழுதிப்போடுவேன், மிதக்கத்தான் தெரியாது.

போன வாரம் தொட்டில் கயிற்றைத் தினமும் இழுத்துப் பார்த்த கதையை எழுதியிருந்தேன். கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகி, "நீங்கள் பிள்ளை வளர்க்கிறீர்களா, பாலம் கட்டுகிறீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வாரமும் அப்படித்தான் இருக்கும், மன்னிக்கவும்.

அன்று அதே படகு திரும்பி வந்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று மாமாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பார். என்னைக் கேட்டால் அரை நாள் என்பேன். தாய்ப்பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் தலை சுற்றியது. தண்ணீரைப் பார்க்க முடியவில்லை. காலுக்குப் பக்கத்தில் படகின் உட்பக்கத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கே ஓட்டையை அடைக்க ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரம். அதில் ஒரு சூரியகாந்திப் பூ அச்சாகியிருந்தது. பூவின் இடது பக்கத்து இதழ்கள் இரண்டு துருப்பிடித்துப் போயிருந்தன. மேட்டுப் பள்ளிக்கூடம் வரும்வரை அந்தப் பூவைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பா அழுது அழுது குரல் போயிருந்தது. வேறொன்றும் இல்லை. நல்லபடியாக இருந்தாள்.

அடுத்த நடையில் அந்தப் படகு வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆட்கள் தப்பிவிட்டார்கள். படகைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது.

குட்டிகளின் வீடு

இந்த வருடம் மாசி மாதம், அறுவடைக்கு அப்புறம், மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஓடைக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆதிரை ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். கருவேலம் புதருக்குள் ஏதோ கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியில்தான் குட்டிகள் போய் ஒளிந்தன.

ஆதிரையைப் பிடித்து இழுக்கக் குனிந்தேன். தலைக்கு மேலே சூரியகாந்திப் பூ தெரிந்தது. இடது பக்கத்து இதழ்கள் இரண்டு இல்லை. அதே படகு.

ஆடுகள் செல்லம்மா அக்காவுடையவை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"யக்கா, இந்தப் போட்டு எப்ப இருந்து இங்கன கிடக்கு?"

"போட்டா? எனக்கு அது கூரைல்லா. வெள்ளம் கொண்டாந்து போட்டுச்சு. குட்டிங்க நனையாம கிடக்கு."

"இத எங்களுக்குத் தருவீங்களா?"

"தாரேன். குட்டிங்கள எங்க கொண்டு போவேன், டீச்சரம்மா வீட்டுக் கட்டிலுக்கா?"

மறுநாள் மாமா பழைய மாட்டுக் கொட்டகையின் தகரத்தைப் பிரித்து அவருக்கு ஒரு கூரை போட்டுக்கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் டிராக்டரில் கட்டி இழுத்துப் படகு எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே ஒரு பலகையில் விரிசல், ஒரு பக்கம் முழுக்க ஆட்டுப்புழுக்கை, தகரத்துக்குப் பின்னால் மக்கிய ஓட்டை. மற்றபடி பதினெட்டு அடியும் முழுசாக இருந்தது.

எதற்கு என்று தெருவே கேட்டது. நான் சொன்ன பதில் இதுதான்: நம் தெரு பள்ளமான தெரு. அடுத்த தடவை வெளியூரிலிருந்து லாரி வரும்வரை மாடியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. படகு நம் தெருவிலேயே இருக்க வேண்டும். அதில் என் மகள் என்னோடு உட்கார இடம் இருக்க வேண்டும்.

படகின் சொந்தக்காரரைத் தேட வேண்டாமா என்று மாமா ஒருநாள் கேட்டார்.

"பைய கேட்டுக்கலாம் மாமா. மொதல்ல சரி பண்ணுவோம்" என்றேன்.

அது பொய். கேட்டால் அவர் கொண்டுபோய்விடுவார் என்று பயந்தேன். பள்ளிக்கூடத்தில் கீழே கிடந்த பேனாவை எடுத்து வைத்துக்கொண்ட பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான்.

ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்

எங்களுக்கு மரம் என்றால் கதவு, நிலை, வண்டி, கலப்பை. மழையில் விட்டால் போய்விடும். ஆகவே நனையாமல் பார்த்துக்கொள்வோம். மாமா அறுபது வருடமாக அப்படித்தான் மரத்தைக் காப்பாற்றி வருகிறார்.

எனவே படகைக் கழுவி, செங்கல் மேல் தூக்கி வைத்து, பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மாதம் காய வைத்தோம். நான் நோட்டுப் போட்டுக்கொண்டேன். எந்தப் பக்கம் எத்தனை நாள் வெயில் பட்டது என்று எழுதினேன். அப்புறம் கொட்டகைக்குள் இழுத்து வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரு தூறல் விழுந்தால்கூட மாமா எழுந்துபோய்ப் பார்ப்பார்.

காயக் காயப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. முதலில் நூல் அளவு, அப்புறம் தீக்குச்சி அளவு, ஆனியில் ஆதிரையின் சுண்டுவிரல் உள்ளே போனது. வீடியோக்கள் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒட்டுவார்களே, இரண்டு பொருளைப் பிசைந்து வைத்தால் கல்லாக இறுகுமே, அந்தப் பசையை வாங்கினேன். எல்லா இடைவெளியையும் நானே அடைத்தேன். பதினோரு நாள் ஆனது. நகக்கண்ணெல்லாம் புண். கதவுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மீதி இருந்தது, அதையும் அடித்தோம்.

"நம்ம வீட்டு வாசக்கதவு மாதிரியே இருக்குளா" என்றார் அத்தை.

பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

சத்தம்

ஐப்பசியில் எங்கள் ஊர்க் குளம் நிறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, தெரு ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்து தள்ளிப் படகைத் தண்ணீரில் விட்டோம். மிதந்தது! சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மருத மரத்தில் கட்டிப்போட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் மதியம் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் 'டிக், டிக்' என்று ஏதோ கேட்டது. மரத்தில் பறவை என்று நினைத்தேன். அப்புறம் தேங்காயைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் படகின் ஒரு பலகை ஆணியோடு பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே படகு ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பு வரை முழுகி, நின்றுவிட்டது.

"ஏலே, டீச்சரம்மா போட்டு நீர்மூழ்கி ஆயிட்டு வே!" என்று அக்கரையில் ஒருவர் கத்தினார். ஊர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஆதிரை உட்கார்ந்திருந்தால். இரண்டு, இது இன்னொருவர் படகு. கேட்காமல் எடுத்து, கெடுத்தும் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, "மாமா, நாளைக்குக் கடற்கரைக்குப் போவோம்" என்றேன்.

எண்ணெய் டின்

வெறுங்கையோடு போகக் கூடாது என்று மாமா ஒரு முழு வாழைத்தாரை வெட்டி எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்டார்கள். ஆதிரையை அத்தையிடம் விட்டுவிட்டு வந்தேன். அத்தையிடம் விட்டேன் என்று எழுதும்போதே ஏதோ செய்கிறது, போகட்டும்.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊர். மாதா கோவிலைச் சுற்றித் தெருக்கள். என்னிடம் பெயர் இல்லை, செல்போனில் படகின் படம் மட்டும்தான் இருந்தது. வலை காய்ந்துகொண்டிருந்த சந்தில் மீன் அரிந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் காட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கியவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏங்க! இங்க வாங்க! இது நம்ம வீட்டு எண்ண டின்னுல்லா! மூத்தவ பூப்புச் சடங்குக்கு வாங்கின டின்னு!"

அவர் பெயர் பிலோமினா. உள்ளேயிருந்து வந்தவர் அவருடைய கணவர் சேவியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அன்று கம்பு ஊன்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடையில் கண்டெடுத்தது, மாசியிலிருந்து வைத்திருப்பது, தேடி வராதது, பயந்தது. ஒப்பித்த மாதிரி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"வள்ளத்த எப்படி வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். படகு என்று சொல்லக் கூடாதாம், வள்ளமாம்.

மாமாவுக்குத் தெம்பு வந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி படலை அண்ணாச்சி. ரெண்டு மாசம் நல்ல வெயிலு. பெறவு கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடி, எம் பேத்தியப் பாத்துக்கிட்ட மாதிரில்லா பாத்துக்கிட்டோம்."

சேவியர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். பிலோமினா அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அட மாதாவே! வள்ளத்தக் கருவாடு போட்டுட்டாங்க!"

அந்தச் சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டியம்மா மாமாவைப் பார்த்து, "உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டார். மாமாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, பலகை தண்ணி குடிச்சாப் பருக்கும். ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கிடும். அதுதான் வள்ளம்" என்றார் சேவியர் அண்ணன். "நீங்க காய வச்சு வாயத் தொறக்க வச்சீங்க. தங்கச்சி அந்த வாயில கல்லப் போட்டு அடைச்சிட்டா. பெறவு தண்ணியில விட்டா அது பருக்க எங்க போவும்? ஆணியத்தான் பிச்சிக்கிட்டு வரும்."

வேதியியல் படித்தவள் நான். மரம் நீரை உறிஞ்சி விரியும் என்று வகுப்பில் ஊறவைத்த கடலையைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது, கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணே, அன்னிக்கு ஐஸ் பெட்டியில ஒரு பச்சப்பிள்ளை. மாடியில இருந்து உங்க கையில யாரு குடுத்தா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நான் பெட்டிய நீட்டுவேன் தங்கச்சி. யாராவது வைப்பாங்க. அன்னிக்கு அந்தப் பெட்டியில ஏழு பிள்ளைங்க. நான் மொகத்தப் பாக்கல, கம்பத்தான் பாத்தேன்."

மாமாவைப் பார்த்தேன். "நான் படகுக் கயித்தப் புடிச்சிருந்தேம்மா" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து சேவியர் அண்ணன் எங்கள் ஊருக்கு பஸ் ஏறி வந்தார். அவருடைய அப்பா ஓடாவி, அதாவது வள்ளம் கட்டும் தச்சர். "நான் பாதி ஓடாவி, மீதி நேரம் கடலு" என்றார். இப்போது பெரும்பாலும் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறாராம். அதுதான் சுலபம், நாற்றம்தான் ஆகாது என்றார்.

அவர் வருவதற்குள் பசை முழுவதையும் நான் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பதினோரு நாள் வைத்ததை ஆறு நாளில் எடுத்தேன்.

வந்ததும் பிய்ந்த பலகையைத் தற்காலிகமாக நெருக்கிக் கட்டிவிட்டு, தெருவில் செங்கல் மேல் நிறுத்தியிருந்த வள்ளத்துக்குள் மோட்டார் போட்டுத் தண்ணீரை நிரப்பச் சொன்னார். மாமா பதறினார்.

"வெளியில விட்டு உள்ள பாக்கக் கூடாது அண்ணாச்சி. உள்ள விட்டு வெளியில பாக்கணும்."

எங்கெங்கே ஒழுகியதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். நான் அதை நோட்டில் வரைந்துகொண்டேன். முப்பத்தாறு இடம். சனிக்கிழமை வரை தண்ணீர் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரம் எங்கள் தெருவுக்கு நீச்சல் குளம் கிடைத்தது. முழங்கால் தண்ணீர் நிற்கும் வள்ளத்துக்குள் தெருப்பிள்ளைகள் எல்லாம் கிடந்தன. ஆதிரையும் கிடந்தாள். தரையில் நிற்கும் வள்ளத்துக்குள் தண்ணீர் இருந்தால் எனக்குப் பயமில்லை என்பதை அப்போது கண்டுபிடித்தேன். முப்பத்தாறு கோடுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அடைபட்டன. வெள்ளிக்கிழமை ஒன்பதுதான் மிச்சம்.

இரண்டாவது ஞாயிறு தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்தோடேயே வேலை செய்தார். பிய்ந்த பலகையை முறையாக ஆணி அடித்துப் பொருத்தினார். விரிசலுக்குள் பஞ்சைத் திரியாக்கி மழுங்கின உளியால் பைய தட்டி இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது. இதற்குக் கலப்பத்து என்று பெயர். திரி திரிக்க ஆள் கேட்டார்.

அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கார்த்திகைக்கு வீட்டு விளக்குக்கெல்லாம் திரி திரிப்பவர் அவர்தான். முழங்காலில் வைத்து ஒரே உருட்டு.

"இவ்வளவு தடிமனாவா? எந்தக் கோயில் விளக்குக்கு வே இது?" என்றார்.

"மாதா கோயில்னு வச்சுக்கோங்களேன்" என்றார் சேவியர் அண்ணன்.

அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் திரித்தேன். மூன்று வருடமாகக் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அத்தை, அன்னிக்குப் பாப்பாவ நான் உங்க கையில தந்தேனா?"

உருட்டுவதை நிறுத்தவில்லை. "நீயா தந்த? நாந்தான் பிடுங்குனேன். நீ விட்டாத்தான?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. சேவியர் அண்ணனின் சுத்தியல் ஐந்தாறு தட்டுத் தட்டியிருக்கும், அதுவரைதான். என்னை நிம்மதியாக்கத்தான் அத்தை அப்படிச் சொன்னாரோ என்று அப்புறம் தோன்றியது. காய்ச்சலில் கிடந்தவருக்கு என்ன நினைவிருக்கும்? என் நினைவில் என் இரண்டு கையும் நீண்டிருக்கின்றன. நீட்டினேனா, திரும்பத் தா என்று கேட்டேனா, தெரியவில்லை.

கடைசியாகச் சூரியகாந்திப் பூ. அதைப் பிடுங்கிவிட்டு, டவுணிலிருந்து மாமா வாங்கிவந்த அயினி மரப் பலகைத் துண்டைப் பதிக்கப் போனார்.

"அண்ணே, அது அப்படியே இருக்கட்டுமே" என்றேன்.

"அது ஓட்டை தங்கச்சி, மெடலு இல்ல" என்று சொல்லிவிட்டு நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். இப்போது ஆதிரை அதில்தான் மண் சோறு ஆக்குகிறாள். ஓரத்தை மடக்கித் தட்டி, கை கிழிக்காதபடி செய்துவிட்டேன்.

"நீங்க எப்ப வள்ளத்தக் கொண்டு போவீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி. மாசியிலேயே கேட்டிருக்க வேண்டியது.

"கடல்ல இதுக்கு வேலை இல்ல. உங்க தெருவுலதான் வேலை. வச்சுக்கோங்க. ஆனா காய விடக் கூடாது. இனி ஒருதரம் காய விட்டீங்கன்னா, பிலோமினாவ அனுப்பிருவேன்."

நாளைக்கு

கார்த்திகை பிறந்ததும் வள்ளம் மறுபடி குளத்தில் இறங்கியது. இந்தத் தடவை தேங்காய் உடைக்கவில்லை, கலரும் வாங்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது. வரத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் குறைந்தது. நாலாம் நாள் நின்றது. தினமும் காலையும் மாலையும் போய் உள்ளே கைவைத்துப் பார்க்கிறேன். இன்றோடு பத்தொன்பது நாள். தரை ஈரமாக மட்டும் இருக்கிறது.

மாமா கம்பு ஊன்றப் பழகிவிட்டார். என் கணவர் ஏறினார். அத்தை ஏறி அக்கரைக்குப் போய்க் கீரை பறித்துக்கொண்டு வந்தார். செல்லம்மா அக்கா ஒரு குட்டியோடு ஏறி, "எங்க வீட்ட நல்லாத்தான் ஆக்கிட்டீங்க" என்றார். நான்கூட ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு, கரையோரமாக, மருத மரம் வரை.

ஆதிரை தினமும் கரையில் நின்று, "அம்மா, நானு?" என்று கேட்கிறாள்.

"நாளைக்கு" என்கிறேன்.

பத்தொன்பது தடவை சொல்லியாகிவிட்டது. போனில் தினமும் மழை அறிவிப்பு வருகிறது. வானம் கறுத்தால் தெருவில் எல்லாரும் குளத்தைப் பார்க்கிறார்கள், வள்ளம் இருக்கிறது என்று தைரியமாக உள்ளே போகிறார்கள். இதற்கெல்லாம் காரணமான நான்தான் என் பிள்ளையை அதில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன். ஏற்றாமலே இருந்து ஒருநாள் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், அவள் பயப்படுவாள். ஏற்றினால் நான் பயப்படுவேன்.

போன ஞாயிறு பிலோமினா அக்கா மீன் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளை தெர்மோகோல் ஐஸ் பெட்டியில். பழைய பெட்டி இல்லை, அது எப்போதோ உடைந்திருக்கும். மீனை எடுத்துவிட்டுக் கழுவி முற்றத்தில் காய வைத்திருந்தேன். உள்ளே போய்விட்டு வந்து பார்த்தால் ஆதிரை அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் காதுவரை வந்திருந்தது.

"அம்மா, இது எனக்குச் சின்னதா இருக்கு" என்றாள்.

அந்தக் கதையை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வாசகர்களிடம் இரண்டு யோசனை வேண்டும். பங்குனியில் எங்கள் குளம் வற்றிவிடும், ஆடி வரை தண்ணீர் இருக்காது. அந்த நாலு மாதம் பதினெட்டு அடி வள்ளத்தை ஈரமாகவே வைக்க என்ன வழி? ஈரச் சாக்கு போதுமா, இல்லை தெருவில் நிறுத்தித் தண்ணீர் நிரப்பியே வைக்க வேண்டுமா? சேவியர் அண்ணனைக் கேட்டேன். எங்கள் ஊரில் கடல் வற்றுவதில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்கிறார்.

இன்னொன்று, மூன்று வயதுப் பிள்ளையிடம் எத்தனை நாள் வரைக்கும் 'நாளைக்கு' என்று சொல்லலாம்? பிள்ளையைப் படகில் முதல் தடவை ஏற்றியவர்கள் எழுதுங்கள். நீங்கள் தூக்கிக் கொடுத்தீர்களா, அதுவாக ஏறியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.